எலைட் ஏரியன் ரோலர்: சைக்கிளைப் பிடித்துக்கொள்ளாத டிரெயினர்

வீட்டுக்குள் சைக்கிள் ஓட்ட ரோலர் வாங்கலாமா, சைக்கிளைப் பிடித்து நிறுத்திச் செயலியோடு இணையும் ஸ்மார்ட் டிரெயினர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் ஓட்டும் விதம் திருந்த வேண்டும், மிதி சீராக விழ வேண்டும், வார நாளில் கிடைக்கிற அரை மணி, முக்கால் மணி நேரம் வீணாகக் கூடாது என்றால் ரோலர் வாங்குங்கள். ஏலகிரி, கொல்லிமலை என்று ஏறுவதற்குக் காலில் பலம் சேர்க்க வேண்டும், முழு மூச்சில் மிதித்துவிட்டு அப்படியே ஹேண்டில்பாரில் சாய்ந்து கிடக்க வேண்டும் என்றால் ரோலர் வேண்டாம், அதற்கு டிரெயினர்தான் சரி. நான் வைத்திருப்பது இத்தாலிக்காரர்களான எலைட் செய்யும் ஏரியன். மிதியைப் பாரமாக்கும் காந்தத் தடை எதுவும் இல்லாத சாதா மாடல். சென்னையில் மாடி ஃபிளாட் ஒன்றில் சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பொருள்களில் ஒன்று.

ரோலரைப் பார்த்திராதவர்களுக்கு: தரையில் ஒரு நீளச் சட்டம், அதில் குறுக்கே மூன்று உருளைகள். பின்சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவில் உட்காரும், முன்சக்கரம் மூன்றாவது உருளையின் மேல் நிற்கும். பின்னால் இருக்கும் ஓர் உருளையிலிருந்து முன் உருளைக்கு ஒரு பெல்ட் போகிறது. அவ்வளவுதான் கருவி. மின்சாரம் வேண்டாம், செயலி வேண்டாம், பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டாம். சைக்கிளை எந்த இடத்திலும் எதுவும் பிடித்துக்கொள்வதில்லை. நீங்கள் மிதித்து, நீங்களே சமநிலை பார்த்து, நீங்களே நேராக ஓட்ட வேண்டும். ரோலரைப் பற்றிச் சொல்ல இருக்கிற நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

நான் ஏன் இதற்கு வந்தேன் என்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது ஈ.சி.ஆரில், குழுவோடு ஓட்டுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை, முன்னும் பின்னும் ஆள் இருப்பார்கள். வார நாளில் வேலைக்குப் போவதற்குள் ஓட்ட வேண்டுமென்றால் நாலரை மணி இருட்டில் தனியாகக் கிளம்ப வேண்டும். தெரு நாய்கள், எதிர்ப்பக்கம் வரும் பைக்குகள், பெண் தனியாகப் போகிறாள் என்று வண்டியை மெதுவாக்கிப் பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் சமாளித்துவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பி, பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் தண்ணீர் வடியவே பல நாள் ஆன பகுதிகள் உண்டு. வடிந்த பிறகும் எந்தக் குழி எங்கே இருக்கிறதென்று தெரியாது. இந்த ஊரில் வீட்டுக்குள் ஓட்டுவதற்குக் குளிர்காலம் வர வேண்டியதில்லை.

முதலில் அந்த பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, முன்சக்கரம் எதற்குச் சுற்ற வேண்டும், மிதிப்பது பின்சக்கரத்தைத்தானே என்பது. சைக்கிள் நிமிர்ந்து நிற்பது, சாய்கிற பக்கம் ஹேண்டில் லேசாகத் திரும்பி, சக்கரத்தை உடம்பின் எடைக்குக் கீழே மறுபடி கொண்டுவந்துவிடுவதால்தான். ரோட்டில் நாம் இதை யோசிக்காமலே நொடிக்கொரு தரம் செய்துகொண்டிருக்கிறோம். ஹேண்டில்பார் திரும்பாமல் இறுகிவிட்டால் எத்தனை வேகமாகப் போனாலும் விழுந்துவிடுவோம். ரோலரில் முன் உருளை சுற்றாமல் நின்றால் ஹேண்டிலைத் திருப்பினாலும் சக்கரம் பக்கவாட்டில் நகராது, அதனால் சமநிலையே கிடையாது. பெல்ட் முன் உருளையையும் சுற்ற வைப்பதால் ரோட்டில் நடப்பதேதான் இங்கேயும் நடக்கிறது, நாம் நகர்வதற்குப் பதில் ரோடு பின்னால் நகர்கிறது. வேகம் கூடக் கூட சின்னத் திருப்பலிலேயே சக்கரம் சட்டென்று இடம் மாறிக்கொள்ளும், சைக்கிள் நிலையாக நிற்கும். வேகம் குறைந்தால் தள்ளாட்டம்தான். புதிதாக ஏறுகிறவர்கள் பயத்தில் மெதுவாக மிதிப்பார்கள், அதனாலேயே ஆடும், ஆடுவதால் இன்னும் மெதுவாக்குவார்கள். உங்களுக்கு யாராவது ரோலர் கற்றுக்கொடுத்தால் அவர்கள் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, வேகமாக மிதி.

ஏரியனை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் உருளையின் வடிவம். ஓரங்களில் தடிமனாகவும் நடுவில் ஒல்லியாகவும், மெல்ல வளைந்து இறங்கும். சக்கரம் ஓரத்துக்கு ஒதுங்கும்போது மேட்டில் ஏறுவது கைக்குத் தெரியும், கண்ணால் பார்ப்பதற்கு முன்பே உடம்பு அதைச் சரி செய்துவிடும். நடுவில் ஓட்டும்போது இந்த வளைவு இருப்பதே தெரியாது. டாக்ஸ் கம்பெனியின் அன்டாரஸ் ரோலரிலும் இதே எண்ணம்தான், அதில் உருளை ஓரத்தில் கூம்பு வடிவில் இருக்கும். அமெரிக்காவின் க்ரைட்லர் போன்றவர்கள் அலுமினியத்தில் கடைந்து செய்யும் உருளைகள் நேராகவே இருக்கும். அவை தலைமுறைக்கும் உழைக்கும் சாமான்கள், வட்டத் தடத்தில் ஓட்டும் டிராக் பந்தயக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் ஓரத்துக்கு வந்துவிட்டோம் என்று அவை நமக்குச் சொல்லாது. வீட்டில் தானே பழகிக்கொள்கிறவருக்கு வளைந்த உருளைதான் என் சிபாரிசு. பழகியவர் நேர் உருளைக்குப் போகலாம், அதில் இன்னும் சுத்தமாக ஓட்ட வேண்டியிருக்கும்.

இனி ஏறுவது எப்படி. இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ரோலரை வாங்கி முதல் வாரத்திலேயே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும். முதலில் முன் உருளையின் இடத்தைச் சரி பார்க்க வேண்டும். சைக்கிளுக்குச் சைக்கிள் இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான நீளம் மாறும், அதற்காகத்தான் முன் உருளையை நகர்த்த வழி வைத்திருக்கிறார்கள். சைக்கிளை மேலே நிறுத்திப் பக்கத்திலிருந்து பாருங்கள். முன்சக்கர ஹப்பின் நடுவிலிருந்து நேர்கீழே கோடு இழுத்தால் உருளையின் அச்சு அந்தக் கோட்டிலோ, ஓரிரு சென்டிமீட்டர் முன்னாலோ இருக்க வேண்டும். உருளை பின்தங்கினால் முன்சக்கரம் இறங்கி ஓடப் பார்க்கும்.

இடம் கதவு நிலைதான். இரண்டு பக்கமும் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் மரம் இருக்கும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிலை தாங்கும். எங்கள் வீட்டில் ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் இடையிலான நிலையில் போட்டேன். பின்பாதி ஹாலில், முன்பாதி அறைக்குள். ரோலரின் மேல் சைக்கிள் நிற்கும்போது சீட் வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கும், அதனால் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல் வேண்டும். ஆரம்பத்தில் பெடலில் மாட்டிக்கொள்ளும் க்ளீட் ஷூ வேண்டாம், சாதாரண ஷூவும் தட்டையான பெடலும் போதும். கியரை முன்கூட்டியே வைத்துவிடுங்கள்: முன்னால் பெரிய பல் சக்கரம், பின்னால் நடுவில் ஏதாவது ஒன்று. முன்னால் 50 பல், பின்னால் 17 பல் என்று வைத்து நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வேகம் சுமார் 33 கிலோமீட்டர். பழகுகிறவருக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் 25-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

ஒரு கை ஹேண்டிலில், இன்னொரு முழங்கை நிலையில். மிதிக்க ஆரம்பித்து, வேகம் வந்து, சத்தம் ஒரே சீராக ஆகும்வரை முழங்கையை எடுக்கக் கூடாது. எடுப்பதென்றால் முதலில் எடையை எடுங்கள், தோலை அப்புறம். நிலையைத் தொட்டுக்கொண்டே, ஆனால் அதன் மேல் சாயாமல் ஓட்டுகிற ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் இருந்தால் கை தானாக விலகிவிடும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் ஹேண்டிலைத் திருத்துவோம், திருத்தினால் ஆடும். இரண்டு மூன்று மீட்டர் முன்னால், உயரத்தில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். எனக்கு அது அறை ஜன்னலின் கம்பி. தோளை இறக்கிவிட்டு, விரல்களால் ஹேண்டிலைத் தாங்கினால் போதும். இறுக்கிப் பிடித்தால் உங்கள் தோளின் நடுக்கம் முழுக்கச் சக்கரத்துக்குப் போய்விடும்.

இறங்கும்போதும் அவசரப்படக் கூடாது. முதலில் நிலையைப் பிடியுங்கள், அப்புறம் மிதிப்பதை நிறுத்துங்கள், சக்கரம் முழுக்க நின்ற பிறகு ஸ்டூலில் காலை வையுங்கள்.

எல்லாரும் பயப்படுகிற ஒன்று, உருளையிலிருந்து சக்கரம் நழுவினால் 30 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து சுவரில் மோதிவிடுவோம் என்பது. அப்படி நடக்காது. சக்கரம்தான் அந்த வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, நீங்களும் சைக்கிளின் சட்டமும் நின்ற இடத்திலேயே இருக்கிறீர்கள். டயர் தரையைத் தொட்டதும் சக்கரத்தில் இருக்கும் கொஞ்சம் சக்தி ஒரு சின்ன உலுக்கலோடு தீர்ந்துவிடும். உண்மையான ஆபத்து பக்கவாட்டில் விழுவது. ஆகவே இரண்டு பக்கமும் கண்ணாடி டீப்பாய், டி.வி. ஸ்டாண்ட், இரும்புக் கட்டிலின் முனை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் ஓடும் உருளையிலும் பெல்ட்டிலும் அவர்கள் விரல் போகாதபடி இன்னொரு பெரியவர் அறையில் இருக்க வேண்டும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெல்ட்டும் உருளையும் சேர்கிற இடத்தில் விரல் மாட்டினால் நசுங்கிவிடும். என் மகன் சின்னவனாக இருந்தபோது அவன் தூங்கும் நேரத்தில் மட்டும்தான் ஓட்டினேன்.

சரி, இதனால் என்ன கிடைக்கிறது?

முதலில் மிதி. ரோலரில் மிதிக்கும்போது உருளையின் சத்தத்தைக் கேட்டுப்பாருங்கள். காலை மேலிருந்து கீழே குத்திக் குத்தி மிதித்தால் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். ஒவ்வொரு குத்துக்கும் உருளை கொஞ்சம் வேகமெடுத்து, இடைவெளியில் தளர்கிறது. ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரம் இருக்கும் டிரெயினரில் இந்த ஏற்றத்தாழ்வு மூடி மறைந்துவிடும். ரோலரில் அப்படியே காதில் விழும், கூடவே சைக்கிளும் இடுப்புக்குக் கீழே இடமும் வலமும் அசையும். பாதத்தைக் கீழே வந்ததும் பின்னால் இழுத்து, மேலே வரும்போது முன்னால் தள்ளி, இரண்டு காலும் ஒன்றிடமிருந்து ஒன்று வேலையை வாங்கிக்கொள்கிற மாதிரி மிதித்தால் சத்தம் மெல்ல மெல்ல ஒரே சுருதிக்கு வரும். அந்தச் சத்தம் வந்த நிமிடத்தில் சைக்கிள் அசைவதும் நின்றுபோகும். எந்தத் திரையும் எந்த எண்ணும் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. என் வலது கால் இடதைவிட அதிகம் வேலை செய்கிறது என்பது ரோலரில்தான் தெரியவந்தது.

இரண்டாவது, நேர்கோடு. உருளையின் அகலத்துக்குள் மணிக்கணக்கில் ஓட்டிப் பழகியவருக்கு ரோட்டில் வெள்ளைக் கோட்டின் மேலேயே சக்கரத்தை வைத்துக்கொண்டு போவது சாதாரணமாகிவிடும். ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி பஸ் காற்றை வாரி அடித்துக்கொண்டு பக்கத்தில் போகும்போது இதன் மதிப்பு புரியும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிப் போவதற்கும் இந்தப் பழக்கம்தான் வேண்டும். எங்கள் குழுவில் என் பின்னால் ஓட்டுவது நிம்மதியாக இருக்கிறது என்று ஒரு அண்ணன் சொன்னார். ரோலருக்கு முன்பு யாரும் அப்படிச் சொன்னதில்லை, அதனால் அந்தப் பாராட்டை நான் பெரிதாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது, ஓய்வே இல்லாதது. ரோட்டில் சிக்னல் இருக்கிறது, இறக்கம் இருக்கிறது, ஓட்டிய நேரத்தில் ஒரு பங்கு காலை வைத்துக்கொண்டு சும்மா போகிறோம். ரோலரில் மிதிப்பதை நிறுத்தினால் சில நொடிகளில் சக்கரம் நின்றுவிடும், நின்றால் விழ வேண்டியதுதான். அதனால் முக்கால் மணி என்றால் முக்கால் மணியும் மிதிதான். அதோடு மனமும் வேறெங்கும் போக முடியாது. ஆபீஸ் கவலையை நினைத்த அடுத்த நொடி சக்கரம் ஓரத்துக்குப் போயிருக்கும். எனக்கு இது பெரிய நிம்மதி. டிரெயினரில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு இது தொல்லையாகப் படலாம்.

குறை என்றால் முதலில் தடை. ரோட்டில் நம்மைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றைத் தள்ள எட்டு மடங்கு சக்தி வேண்டும். ரோலரில் காற்று கிடையாது, உருளையின் மேல் டயர் நசுங்கி நிமிர்வதற்கான சக்திதான் பெரும்பகுதி, அது வேகம் இரட்டித்தால் ஏறக்குறைய இரட்டிக்கும், அவ்வளவே. அதனால் 40 கிலோமீட்டர் வேகம் வெகு சாதாரணமாக வரும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், ரோட்டு வேகத்தோடு ஒப்பிடவும் வேண்டாம். இதயத் துடிப்பையோ, மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் வாட்ஸையோ பாருங்கள். உருளை ஒல்லியாக இருந்தால் டயர் அதிகம் மடங்கும், தடை கூடும், தடித்திருந்தால் குறையும். க்ரைட்லரில் இரண்டே கால் அங்குலம், மூன்று அங்குலம், நாலரை அங்குலம் என்று விட்டம் பார்த்து வாங்குவது இதற்காகத்தான். ஏரியன் உருளை சுமார் 10 சென்டிமீட்டர் விட்டம், அதாவது சுலபமாக ஓடுகிற ரகம். என் மாதிரி நடுத்தர ஓட்டக்காரருக்கு, பாரமான கடைசிக் கியரில் போட்டு வேகமாக மிதித்தால் மூச்சு வாங்கும் அளவுக்கு வேலை இருக்கிறது. ஆனால் மெதுவான மிதியில் பாரமாக அழுத்துவது, மலை ஏறுவது போன்ற பயிற்சி சாதா ரோலரில் நடக்காது. அது வேண்டும் என்றால் இதே குடும்பத்தில் ஏரியன் மேக் இருக்கிறது, காந்தத் தடை மூன்று நிலைகளில் மாற்றலாம். எலைட்டின் நீரோ ரோலர் செயலியோடு இணைந்து தானே தடையை மாற்றும். காசைக் கொஞ்சம் கூட்ட முடியும் என்றால் காந்தம் உள்ளதையே வாங்குங்கள், வருடம் முழுக்க அதற்குப் பயன் இருக்கும்.

எழுந்து நின்று மிதிப்பதும் அப்படித்தான். நின்றவுடன் சைக்கிள் முன்னும் பின்னும் உந்தும், ரோலரின் சட்டம் அசையாமல் இருப்பதால் முன்சக்கரம் உருளையில் துள்ளும். கைதேர்ந்தவர்கள் செய்கிறார்கள், நானும் சீட்டிலிருந்து எழுந்து உட்கார்வது வரை வந்திருக்கிறேன், ஸ்பிரிண்ட் எல்லாம் இதில் வேண்டாம். அதற்கென்றே டாக்ஸ் கலாக்ஸியா, எலைட் குயிக் மோஷன், அமெரிக்காவின் இன்சைட் ரைட் ஈ-மோஷன் போன்றவற்றில் உருளைகள் இருக்கும் சட்டமே முன்னும் பின்னும் நகர்ந்து கொடுக்கும். விலையும் அதற்கேற்ப.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் எந்த உடற்பயிற்சிச் சாமானையும் மதிப்பிட முடியாது. வெளியே ஓட்டும்போது காற்று வியர்வையைக் காய வைத்து உடம்பைக் குளிர்விக்கும். அறைக்குள் அது கிடையாது. மின்விசிறி தலைக்கு மேலே சுற்றுவது போதவே போதாது, நெஞ்சுக்கு நேராக ஒரு பெடஸ்டல் ஃபேன் கட்டாயம். அது இல்லாமல் சித்திரை மாதத்தில் ஓட்டினால் பத்து நிமிடத்தில் இதயத் துடிப்பு எகிறும், கால் சோர்வதற்கு முன்னால் தலை கிறுகிறுக்கும். ரோலருக்கு மின்சாரம் வேண்டாம் என்று பெருமைப்பட்டுக்கொண்டாலும் கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும், அன்றைக்கு ஓட்டத்தைச் சுருக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். வியர்வை ஹேண்டில்பார் கழுத்திலும் டாப் டியூபிலும் சொட்டிக்கொண்டே இருக்கும், அந்த உப்பு போல்ட்டுகளையும் பேரிங்கையும் அரித்துவிடும். துண்டை ஹேண்டிலிலிருந்து சீட் வரை நீளமாகக் கட்டிவிட்டு, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். குடிக்க நான் உப்புப் போட்ட நீர்மோர் வைத்துக்கொள்கிறேன், ஆனால் பாட்டிலை எடுக்க ஒரு கையை விடப் பழகும்வரை நிலையைப் பிடித்துக்கொண்டு குடிப்பதுதான் பத்திரம்.

சத்தம். ஃபிளாட்டில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தரம் படியுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் 10 சென்டிமீட்டர் உருளை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,600 சுற்று சுற்றுகிறது. மூன்று உருளை சேர்ந்து எழுப்பும் முனகல் அறைக்குள் பெரிதாகத் தோன்றாது, ஃபேன் சத்தத்தில் கலந்துவிடும். கீழ் வீட்டுக்குப் போவது அதிர்வுதான், தரை வழியாக. வாங்கிய புதிதில் கீழ் வீட்டு மாமி படியேறி வந்து, “ஏம்மா, காலங்கார்த்தால மாவு அரைக்கறியா? எங்க கூரையே கடகடங்கறதே” என்று கேட்டார். உள்ளே கூட்டிப்போய் ஓட்டிக் காட்டினேன். “இதுலேருந்து விழமாட்டியா நீ” என்று அவருக்குக் கவலை திசை மாறிவிட்டது. அப்புறம் ஜிம்களில் போடும் கெட்டி ரப்பர் விரிப்பு வாங்கி அடியில் போட்டேன், காலை ஆறரைக்கு முன்னால் ஓட்டுவதில்லை என்று அவரிடம் பேசி வைத்துக்கொண்டேன். இப்போது புகார் இல்லை. மெத்தென்ற ஃபோம் விரிப்பு போடாதீர்கள், சட்டம் அதில் அமிழ்ந்து ஆடும். அமைதி ஒன்றுதான் முக்கியம் என்றால் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் டைரக்ட் டிரைவ் டிரெயினர்கள் இதைவிட எவ்வளவோ அமைதி.

டயர் வழவழப்பாக இருக்க வேண்டும். ரோடு பைக்கின் 25, 28 மில்லிமீட்டர் டயர் அருமையாக ஓடும். மலைப்பாதை சைக்கிளான எம்டிபியின் கட்டை டயரைப் போட்டால் வீடே அதிரும், ஓட்டுகிறவருக்குப் பல்லும் கூசும், அந்த வண்டிதான் இருக்கிறது என்றால் ஒரு ஜோடி வழவழப்பான டயர் மாற்றிக்கொள்ளுங்கள். ரோட்டிலிருந்து வந்த டயரைத் துடைக்காமல் ஏற்றாதீர்கள், மண் உருளையில் கீறல் போடும். உருளையில் படியும் கறுப்புத் தூளை அவ்வப்போது ஈரத்துணியால் எடுத்துவிட்டால் போதும். வேறு பராமரிப்பு என்று ஒன்றுமில்லை.

வாங்கிய அனுபவம் மட்டும் நன்றாக இல்லை. நம் ஊர் சைக்கிள் கடைகளில் ரோலர் கண்ணில் படுவதே அரிது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். நான் வாங்கிய ஆன்லைன் கடை பெட்டியை ஒரு மூலை பிய்ந்த நிலையில் அனுப்பியது, உள்ளே பெல்ட் இல்லை. போன் போட்டால் படம் அனுப்புங்கள், மெயில் அனுப்புங்கள் என்று அலைக்கழித்தார்கள், பெல்ட் வந்து சேர்வதற்குள் ஆர்வமே வடிந்துவிடும் போலிருந்தது. காத்திருந்த அந்த இடைவெளியில் பாரிமுனைப் பக்கம் இயந்திர பெல்ட் விற்கும் கடை ஒன்றுக்குப் போய் அளவு சொல்லி ஒரு உருண்டை பெல்ட் வாங்கி வந்து மாட்டினேன், அச்சாக ஓடியது. அதுவே இப்போதும் மாற்று பெல்ட்டாக அலமாரியில் இருக்கிறது. கடைக்காரர் என்ன மிஷினுக்கு என்று கேட்டார். சைக்கிளுக்கு என்றதும் இன்னொரு தரம் கேட்டுவிட்டு, மீட்டர் வைத்து அளந்து, சூடு வைத்து ஒட்டிக் கொடுத்தார். பெட்டியை வாங்கும்போது டெலிவரி ஆளை நிறுத்திவைத்துப் பிரித்துப் பாருங்கள், ஒரு வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, சாதா ரோலர் ஒரு நல்ல டைரக்ட் டிரைவ் ஸ்மார்ட் டிரெயினரின் விலையில் பாதிக்கும் குறைவாகவே எனக்குக் கிடைத்தது. இறக்குமதிச் சரக்கு என்பதால் ஏறி இறங்கும். ஓட்டி முடித்ததும் மடித்துப் பீரோவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடலாம், சின்ன வீட்டில் இது பெரிய விஷயம். ஸ்விஃப்ட் (Zwift) போன்ற, திரையில் ரோட்டைக் காட்டும் செயலிகளில் ஓட்ட ஆசையென்றால் பவர் மீட்டரோ வேக சென்ஸரோ மாட்டிச் சேரலாம், ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டும் நிதானம் வர நாளாகும்.

டிராக் சைக்கிள் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் சாமான் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, மிதிப்பதை நிறுத்தவும் முடியாது, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். ரோலரும் அதே குணம். வெலோட்ரோம் என்ற டிராக் அரங்குகளில் பந்தயத்துக்கு முன் உடம்பைச் சூடேற்ற வீரர்கள் ரோலரில்தான் ஏறுகிறார்கள். 1948-இல் ஜப்பானில் தொடங்கி, 2000-இலிருந்து ஒலிம்பிக்கிலும் நடக்கும் கெய்ரின் பந்தயத்தின் வீரர்களுக்கு ரோலர் அன்றாடப் பழக்கம். நம் நாட்டில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கட்டிய உள்ளரங்க வெலோட்ரோம் இருக்கிறது. சென்னையிலிருந்து ஒரு பிள்ளை அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பு, கால் சுற்றும் விதத்தை இந்த மூன்று உருளையில் கற்றுக்கொண்டு போனால் பயிற்சியாளருக்குப் பாதி வேலை மிச்சம். விளையாட்டு விடுதிகளிலும் பள்ளிகளிலும் நாலைந்து ரோலர் வாங்கிப் போட்டால் ஒரு ரோலரில் நாள் முழுக்கப் பல பிள்ளைகள் ஓட்டலாம், கரண்ட் பில் கூட ஏறாது.

முதுகுத்தண்டு, காது சமநிலைப் பிரச்சினை, அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள் ரோலரில் ஏற வேண்டாம். கர்ப்பிணிகளும் வேண்டாம். விழுந்தால் எலும்பு முறியும் வயதில் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு, சைக்கிளைப் பிடித்து நிறுத்தும் டிரெயினரே நல்லது. என் அப்பா ஆசைப்பட்டார், நான் விடவில்லை.

பழைய ரோலர் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், இதில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் இல்லை. பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு உருளையையும் கையால் சுற்றி விடுங்கள். கரகர என்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது, அது மாற்றக்கூடியது, விலையில் குறைத்துக் கேளுங்கள். சுற்றும்போது ஓர் உருளையின் விளிம்புக்குப் பக்கத்தில் பென்சிலை அசையாமல் பிடித்துப் பாருங்கள். பென்சிலுக்கும் உருளைக்கும் இடைவெளி கூடிக் குறைந்தால் உருளை வட்டம் தவறியிருக்கிறது. அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டில் உதை விழும். முன் உருளையை நகர்த்தும் துளைகள் உங்கள் சைக்கிளின் நீளத்துக்கு வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், முடிந்தால் சைக்கிளையே எடுத்துக்கொண்டு போங்கள்.